நியூட்ரலில் ஓடவிட்டுப் பார்த்து ‘பைக் ஓகே’ என்றார்கள்

ஒரு வயரும் ஒரு வளைந்த கியர் லீவரும். என் அட்வென்ச்சர் பைக்கில் இருந்த கோளாறு அவ்வளவுதான். அதற்கு ஃப்யூயல் பம்ப், கிளட்ச் பிளேட் எல்லாவற்றுக்கும் பில் போட்டு, கடைசியில் கியர்பாக்ஸையே பிரிக்கப் பார்த்தது ஒரு ஒர்க்‌ஷாப். பெயரைப் போடப்போவதில்லை. வேறு யாரும் இதே போல மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சேறும் கல்லுமான பாதையில் மெதுவாகத் திரும்பும்போது பைக் இடதுபக்கமாகச் சாய்ந்தது. எனக்கு அடி இல்லை, பைக்கிலும் கீறல்தான் என்று நினைத்துத் தூக்கி ஓட்டிவந்துவிட்டேன். சில நாள் கழித்து, குண்டு குழியில் குலுங்கும்போதெல்லாம் இன்ஜின் நிற்க ஆரம்பித்தது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கூடவே கியரும் தகராறு செய்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தட்டினால் பாதியில் நின்றுகொண்டு இன்ஜின் வெறுமனே உறுமும்.

ஒர்க்‌ஷாப்பில் நான் பாதி சொல்வதற்குள், “ஆஃப் ஆகுதா? பம்ப்தான் சார்” என்றார் அட்வைசர். பைக்கின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள், திரையை எனக்குக் காட்டவில்லை. என்ன எரர் கோடு என்று கேட்டேன். “நாலஞ்சு இருந்துச்சு, கிளியர் பண்ணியாச்சு.” குறித்துக்கூட வைக்காமல் அழித்திருக்கிறார்கள். நோயாளி வாயைத் திறந்ததும் பொத்திவிட்டு மருந்து எழுதின மாதிரி. என் முட்டாள்தனமும் இதில் உண்டு. செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் “செக் செய்து தேவையானதை மாற்றவும்” என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டேன். அது வெற்றுக் காசோலை என்பது பில் வந்த பிறகுதான் புரிந்தது.

பம்ப் மாற்றியதாகச் சொல்லி வண்டியைத் தந்தார்கள். மூன்றாம் நாள் மறுபடி நின்றது. திரும்பப் போனேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டார்கள். நிற்கவே இல்லை. “பாருங்க, பைக் ஓகே. நீங்கதான் ஆர்பிஎம் ஏத்தாம ஓட்டுறீங்க.” கியருக்குக் காரணம் கேட்டால், நான் ஹாஃப் கிளட்சிலேயே ஓட்டி பிளேட்டை எரித்துவிட்டேனாம். பிளேட் மாற்றினார்கள். அதன்பின் புதிதாக இன்னொரு தொல்லை: ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. “புது பிளேட் சார், செட் ஆகும்.” ஆகவில்லை. அடுத்து, “ஷிஃப்ட் ஃபோர்க் வளைஞ்சிருக்கும், கியர்பாக்ஸைப் பிரிக்கணும்” என்றார்கள். ஷிஃப்ட் ஃபோர்க் என்பது கியர்பாக்ஸுக்குள் கியர்களை நகர்த்தும் பாகம். பிரித்துப் பார்க்காமலேயே வளைந்தது எப்படித் தெரிந்தது? அந்த இடத்தில்தான் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் ஸ்பேனரைத் தொடும் முன் கேள்விதான் கேட்டார். “விக்கி விக்கி நிக்குதா, சாவியத் திருப்பின மாதிரி நிக்குதா?” சாவியைத் திருப்பின மாதிரிதான். “அப்போ பெட்ரோல் இல்ல தம்பி, கரண்டு.” பெட்ரோல் வரத்து குறைந்தால் இன்ஜின் திணறி, இழுவை குறைந்துதான் சாகும். மின்சாரம் அறுந்தால் ஒரே வெட்டு. அடுத்த கேள்வி: “நியூட்ரல்ல என்னைக்காவது நின்னுச்சா?” யோசித்தேன். ஒரு தடவைகூட இல்லை.

சைடு ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் அணைய வேண்டும். அதற்கென்றே ஸ்டாண்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. நியூட்ரலில் அந்த சுவிட்ச் என்ன சொன்னாலும் பைக் கண்டுகொள்ளாது. அப்படியானால் நியூட்ரலில் ஒரு மணி நேரம் இல்லை, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டாலும் இந்தக் கோளாறு தலைகாட்டாது! அண்ணன் ஸ்டாண்டை மடக்கி, என்னை ஏறி உட்காரச் சொல்லி, கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போடச் சொன்னார். சுவிட்சுக்குப் போகும் வயரை விரலால் ஆட்டினார். பொட்டென்று நின்றது. விழுந்தபோது வயர் கிளிப்பிலிருந்து நழுவி, ஃபிரேமில் உரசி, உள்ளே செம்புக் கம்பியில் பாதி அறுந்திருந்தது. ஒட்டி, ஸ்லீவ் போட்டு, கிளிப்பில் மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கியர் லீவரைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. உள்பக்கம் வளைந்து இன்ஜின் கவரில் உரசிக்கொண்டிருந்தது. ஒரு தடவை தட்டியதும் லீவர் முழுசாகத் தன் இடத்துக்குத் திரும்பவில்லை என்றால், அடுத்த தட்டு பாதிதான் போகும். கியர்பாக்ஸுக்குள் எந்தக் குற்றமும் இல்லை. போதாதற்கு, ஒர்க்‌ஷாப்பில் செயினை வேறு முறுக்கேற்றி வைத்திருந்தார்கள். சஸ்பென்ஷன் நீளமாக இறங்கி ஏறும் இந்த மாதிரி பைக்குகளில் ஆள் உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகும். அதனால் சாதாரண பைக்கைவிட அதிகமாகவே தளர்வு வைக்கச் சொல்வார்கள். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரில் 40 மிமீ என்று இருந்தது, என் செயின் 15 மிமீ கூட ஆடவில்லை. இப்படியே ஓட்டியிருந்தால் முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்து பேரிங் போயிருக்கும். அப்போது நிஜமாகவே இன்ஜினைப் பிரிக்க வேண்டிவந்திருக்கும்.

ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாமல் கிளட்ச் வழுக்கியதற்கு விடை பில்லிலேயே இருந்தது. அவர்கள் ஊற்றியது 5W-30 கார் ஆயில். இந்த பைக்குகளில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள், பிளேட் வழுக்க அது போதும். டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறியீட்டில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்றிருப்பது, கிளட்ச் ஆயிலில் ஊறாத ஸ்கூட்டர்களுக்கானது. சரியான ஆயிலை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் வழுக்கல் நின்றது. நல்ல வேளை, புது பிளேட் தப்பியது.

இதையெல்லாம்கூடத் திறமைக் குறைவு என்று விட்டிருப்பேன். அண்ணன் டேங்கைத் தூக்கிக் காட்டியதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பம்ப்பைப் பிடித்திருக்கும் நட்டுகளைச் சுற்றி பழைய சேறு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது, விரிசல்கூட விடாமல். அதில் ஸ்பேனரே பட்டதில்லை. மாற்றாத பம்ப்புக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், அட்வைசரைக் கூப்பிட்டார், இருவரும் உள்ளே போனார்கள். திரும்பி வந்து “பில்லிங் மிஸ்டேக்” என்று சொல்லி பம்ப் பணத்தைத் தந்தார்கள். “புகார் எதுவும் இல்லை” என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதில் கையெழுத்துப் போடவில்லை, ஜாப் கார்டே போதும். கிளட்ச் வேலைக்கான பணம் இன்னும் வரவில்லை. கழற்றிய பழைய பிளேட்டையாவது கொடுங்கள், எரிந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.