வாலில் வசவு எழுதிய திமிங்கிலம்

கிறிஸ்டோபர் மூரின் 'ஃப்ளூக்' (2003) நாவலை ராத்திரியில் படிக்காதீர்கள். சிரிக்கிற சத்தத்துக்கு வீட்டில் திட்டு விழும். ஹவாயின் மாவி தீவு. கூன்முதுகுத் திமிங்கிலம் ஏன் பாடுகிறது என்று வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆராய்ச்சியாளர் நேட் க்வின், ஒரு திமிங்கிலம் தூக்கிய வாலில் பெரிய எழுத்தில் ஒரு வசவைப் பார்க்கிறார். அப்புறம் ஒரு கிழவி போனில் கூப்பிட்டு, திமிங்கிலம் பஸ்ட்ராமி சாண்ட்விச் கேட்பதாகச் சொல்கிறாள்!

வாலின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அடையாளம் காண்பது, ஆண் திமிங்கிலங்கள் மட்டும் பாடுவது எல்லாம் நிஜ அறிவியல். ரஸ்தாஃபாரி (ஜமைக்காவில் பிறந்த ஒரு சமய இயக்கம்) வேஷம் போடும் நியூஜெர்சிப் பையன் கோனா பேசும் பக்கங்களை நான் தாண்டிவிட்டேன், ஓவர். பின்பாதியில் கதை கடலுக்கடியில் போனதும் லாஜிக்கைக் கழற்றிவைத்துவிட வேண்டும். அங்கே கொஞ்சம் இழுவைதான். கெட்ட வார்த்தை தாராளம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்கிவிடாதீர்கள்.