பழைய ராணுவ எஃகுக்குக் கருப்பேற்றுதல்: நான்கு முறைகள், ஓர் ஒப்பீடு

ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய எஃகுச் சாமான்களைச் சீராக்குகிறவர்கள் துரு எடுப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். துரு போன பிறகு வெளுத்து நிற்கும் எஃகின் மேல் எந்தக் கருப்பை, அதாவது துருவைத் தடுக்கும் கரும்படலத்தை, ஏற்றுவது என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் ஸ்பேனரோ, வீட்டில் நிற்கும் பழைய ஜீப்பின் பூட்டு நாதாங்கியோ, எதுவானாலும் அதன் வயதும் அடையாளமும் தங்குமா தொலையுமா என்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் முடிவாகிறது. இதற்கான வழிகள் பெரும்பாலும் துப்பாக்கித் தொழிலில் செம்மைப்பட்டவை என்பதால், துப்பாக்கிகளைப் பற்றிப் பேசாமல் இவற்றை ஒப்பிட முடியாது.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் உதிரிபாகமும் ஆயுதமே. அதைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். ஆகவே தாத்தா காலத்துத் துப்பாக்கி உரிமத்தோடு வீட்டில் இருந்தாலும், அதன் வேலை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். வீட்டுப் பட்டறையில் நாம் கைவைக்கக்கூடியவை கருவிகளும் வாகனச் சாமான்களும் மட்டுமே. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

ஒரு பொருளுக்கு எந்தக் கருப்பு பொருந்தும் என்பதை அது பிறந்த காலம் சொல்லும். பழைய தலைமுறைத் துப்பாக்கிகளுக்குத் துருவேற்றிக் கருக்கும் மெதுவான முறைதான் வழக்கம். எஃகின் மேல் வேண்டுமென்றே மெல்லிய செந்துருவை வரவழைத்து, கொதிநீரில் இட்டு அதைக் கருப்பாக மாற்றுவார்கள். முதல் உலகப்போரின் கடைசிக் காலத்தில் அமெரிக்க ராணுவம் தன் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களுக்குப் பாஸ்பேட் பூச்சைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கி 1937 வாக்கில் துருமுறையிலிருந்து சூடான உப்புத் தொட்டிக்கு மாறியது. மாற்றங்களுக்கெல்லாம் அடிப்படைக் காரணம் வேகம். ஒரு துண்டுக்கு நாள்கணக்கில் செலவிட்ட வேலையை, நூறு துண்டுகளுக்கு ஒரே காலையில் முடிக்க வேண்டிய நெருக்கடியைப் போரும் போருக்கான ஆயத்தமும் உண்டாக்கின. வீட்டுப் பட்டறைக்கு அந்த நெருக்கடி கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சூடான உப்புத் தொட்டியில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் நீரில் கரைந்து ஏறத்தாழ 140 பாகை செல்சியஸில் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் பொருளை அரை மணி நேரம் வரை மூழ்கவிட்டால் ஆழ்ந்த, பளபளப்பான கருப்பு கிடைக்கும். கண்ணுக்கு அழகில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்ட அஜாக்கிரதையாகத் தண்ணீர் ஊற்றினால், அது உடனே நீராவியாகி, கொதிக்கும் காஸ்டிக்கை முகத்தில் வாரி அடிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அலுமினியம் தவறி விழுந்தால் கரைந்து ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். ஈயப்பற்றால் ஒட்டிய இணைப்புகளையும் இந்தத் தொட்டி அரித்துவிடும். ஈயப்பற்றால் இணைத்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்குத் துப்பாக்கித் தொழிலாளர்கள் இன்றும் துருமுறையையே கையாள்வதற்கு இதுதான் காரணம். மூட்டுகளுக்குள் புகுந்த உப்பைச் சரியாகக் கழுவாவிட்டால், அது பின்னாளில் வெள்ளையாகக் கசிந்து வெளியே வரும். கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவே, குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் இந்தத் தொட்டியை வைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். இந்தக் கருப்புதான் வேண்டும் என்றால் பிளாக்கனிங் (கருப்பேற்றுதல்) வேலையைக் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு அனுப்பிவிடுவதே முறை.

பாஸ்பேட் பூச்சு வேறு வகை. பாஸ்பாரிக் அமிலத்தில் மாங்கனீசு அல்லது துத்தநாகம் கலந்த கரைசல் 90 பாகையை ஒட்டிய சூட்டில் எஃகோடு வினைபுரிந்து, நுண்ணிய படிகங்களாலான மங்கிய சாம்பல் கருப்புப் பரப்பை உண்டாக்குகிறது. அந்தப் படிகங்களின் இடுக்குகளில் எண்ணெய் தங்குவதால், துருவைத் தடுப்பதில் நான்கு முறைகளிலும் இதுவே முதலிடம். மழையிலும் சேற்றிலும் கிடக்கும் ஜீப் சாமானுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சிக்கல் இதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. பூச்சு சீராகப் பிடிக்க வேண்டுமானால் பரப்பை மணல் வீச்சால், அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடித்து, சொரசொரப்பாக்க வேண்டும். அந்த வீச்சு துருவோடு சேர்த்து, பொறித்த எழுத்துகளின் கூர்மையையும் தின்றுவிடும். என் மேசையில் இருக்கும் பழைய ஸ்பேனர் ஒன்றின் கைப்பிடியில், மேல்நோக்கிய அம்புக்குறியும் அதன்கீழ் ஆங்கில ‘ஐ’ எழுத்தும் கடுகளவு ஆழத்தில் பதிந்திருக்கின்றன. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் சொத்து என்பதற்கான முத்திரை அது. ஸ்பேனருக்கு மதிப்பைத் தருவதே அந்த முத்திரைதான். ஒரே ஒரு முரட்டு வீச்சில் அது மழுங்கிப்போகும், பிறகு எதைக் கொண்டும் மீட்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிலிக்கா மணல் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது கோவை வார்ப்படப் பட்டறைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் முகமூடியைக் கட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்துவிடலாம் என்று நினைப்பது தவறு.

குளிர்ந்த கருப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலினியச் சேர்மமும் செம்பு உப்பும் கலந்த நீர்மத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் சில நிமிடங்களில் கருக்கும். சில மாதங்கள் கையில் புழங்கினால் தேய்ந்துவிடும். செலினியம் நச்சு என்பதால் கையுறை கட்டாயம். ஏற்கெனவே நல்ல கருப்புள்ள பொருளில் ஒரு கீறலை மறைக்க மட்டும் இது போதும். முழுப் பொருளுக்கும் இதையே பூசுவதில் பயனில்லை.

இனி துருமுறை. இதன் வேதியியல் எளியது, வேண்டியதெல்லாம் பொறுமை. எண்ணெய்ப் பசையைச் சுத்தமாக நீக்கிய எஃகின் மேல், வெறுங்கை படாமல், நீர்த்த அமிலக் கரைசலை மிக மெல்லியதாக ஒரே ஒரு முறை தடவி, ஈரக்காற்றுள்ள பெட்டியில் தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் பரப்பு முழுவதும் மஞ்சள்தூள் தூவியது போல மெல்லிய துரு பூக்கும். அதைக் கொதிநீரில் கால் மணி நேரம் வைத்தால், செந்துரு கண்ணெதிரே கருத்து வெல்வெட்டுப் பரப்பாக மாறுகிறது. நீரிலிருந்து எடுத்து, எண்ணெய் நீக்கிய மிக நுண்ணிய ஸ்டீல் வூலால் மெதுவாகத் தேய்த்தால் தளர்ந்த கருந்தூள் உதிர்ந்து, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் ஒட்டி நிற்கும். இதையே ஐந்தாறு முறை திரும்பச் செய்யும்போது சாம்பல் நிறம் படிப்படியாக ஆழ்ந்து, மின்னாத, கண்ணை உறுத்தாத கருப்பாக முதிர்கிறது. எழுத்தின் விளிம்புகள் அப்படியே நிற்கின்றன. எந்த இடத்திலும் எஃகை அரைத்துக் கழிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. கரைசலை வீட்டில் தயாரிக்க நினைக்கிறவர்கள், நைட்ரிக் அமிலத்தில் இரும்பு கரையும்போது எழும் பழுப்புப் புகை நச்சு என்பதை அறிந்திருக்க வேண்டும். வேதியியல் தெரிந்த ஒருவர் உடனிருக்காமல் அந்த வேலையில் இறங்கக்கூடாது.

இந்த முறைக்குக் கொங்கு நாட்டில் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது தண்ணீர். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லில் பிடித்த நீரைக் கொதிக்க வைத்தால், அதன் சுண்ணாம்பு எஃகின் மேல் வெள்ளைத் திட்டுகளாகப் படிந்து, கருப்பைப் புள்ளிபுள்ளியாக்கிவிடும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது என்றாலும் குளோரின் கலந்து குழாயில் வருவதால் அதையும் நான் நம்புவதில்லை. பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரே சரி. இரண்டாவது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் கோவை, அவிநாசிப் பகுதிகளில் மாசி, பங்குனி மாதங்களின் வறட்சியில் துரு பூப்பதற்கே தயங்கும். ஒரு மரப்பெட்டிக்குள் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்து, ஈரத் துண்டைத் தொங்கவிட்டு ஈரத்தை நாமே உண்டாக்க வேண்டியிருக்கும். ஐப்பசி மழையின் போது பெட்டி தேவையே இல்லை. ஆனால் ஆனைமலை அடிவாரம் போன்ற ஈரமான இடங்களில் இராத்திரி முழுவதும் விட்டுவைத்தால் துரு பரப்பைத் தாண்டி உள்ளே இறங்கிக் குழிகளை உண்டாக்கும். அங்கே மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம்.

எந்தக் கொல்லுப் பட்டறையில் கேட்டாலும் முதலில் சொல்லும் ஐந்தாவது வழி ஒன்று இருக்கிறது: பொருளைத் தீயில் காய்ச்சிப் பழைய எண்ணெயில் முக்குவது. கதவுக் கொண்டிக்கும் ஆணிக்கும் அது நல்ல முறை. ஆனால் எஃகின் பதம் (சூடேற்றிக் குளிர்வித்து அதற்குத் தந்த கடினம்) 220 பாகைக்கு மேலேயே மாறத் தொடங்கி, 300 பாகையை எட்டும்போது நீலநிறம் காட்டும். உளியின் வாயும் ஸ்பேனரின் தாடையும் தம் கடினத்தைத் தீயின் சூட்டில் இழந்துவிடக்கூடும். பதம் போட்ட கருவி எதற்கும் இதைச் செய்யக்கூடாது. மற்ற முறைகளின் சூடு 150 பாகைக்குள் அடங்குவதால் அவற்றில் அந்த ஆபத்து இல்லை.

ஆக, முத்திரையுள்ள கைக்கருவிகளுக்கும் சிறு சாமான்களுக்கும் துருமுறையையே தேர்கிறேன். நாள்கணக்கில் ஆனாலும் வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது அது. ஜீப்பின் கொக்கி, நாதாங்கி, போல்ட் போன்ற மழையில் நனையும் முத்திரையில்லாத பாகங்களுக்குப் பாஸ்பேட்டிங். அதை ஜாப் ஒர்க் பட்டறையில் கொடுக்கலாம். பம்புச் சாமான்களுக்கும் வண்டிச் சாமான்களுக்கும் அன்றாடம் அதைச் செய்கிற இடங்கள் கோவையில் நிறைய உண்டு. கொடுக்கும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மணலுக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடி மணிகளை வீசினால் போதும் என்பதையும், திருகு மரைகளில் பூச்சு தடித்து நட்டு இறுகாதபடி அவற்றை மறைத்துவிட வேண்டும் என்பதையும், பொருள் தொட்டியிலிருந்து வெளியே வந்த அன்றே எண்ணெயில் ஊறப்போட வேண்டும் என்பதையும்.