மலையக இணைப்பில் தொலைக் கோப்புகள்: எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸா, ஆர்குளோனா, என்எஃப்எஸ்ஸா?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு கொழும்புச் சேர்வரின் கோப்புகளைத் தம் லினக்ஸ் கணினியில் இணைத்து வேலை செய்பவர், வேகத்தைப் பற்றிப் பிறகு கேட்கலாம். மழை பிடித்து இணைப்பு அறுந்தால் திறந்திருக்கும் கோப்பு என்ன ஆகும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

தலைப்பிலுள்ள மூன்றும் தொலைச் சேர்வரின் கோப்புகளை நம் கணினியின் கோப்புகள்போலக் காட்டும் வழிகள். அவற்றில் எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸும் ஆர்குளோனும் ஃபியூஸ் (FUSE) வழியே இயங்குபவை. 2005இல் லினக்ஸ் 2.6.14உடன் கேர்னலில் (இயங்குதளத்தின் மையக் கருவில்) சேர்ந்த ஃபியூஸ், கோப்பு முறைமையைச் சாதாரண நிரலாகவே ஓட விடுகிறது. அந்த நிரல் செத்தாலும் கணினி விழாது.

எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸுக்குச் சேர்வரில் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழிக் கோப்புப் பரிமாற்ற) வசதி இருந்தால் போதும். இந்த எளிமைக்காகவே பலர் அதில் தொடங்குகிறார்கள். ஆனால், போய்வர 60 மில்லிசெக்கன் எடுக்கும் இணைப்பில் 1000 சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் காத்திருப்புக்கே ஒரு நிமிடம் போய்விடும். ‘ரீகனெக்ட்’ தெரிவைப் போட்டால் அறுந்த தொடர்பு மீளும். அறுந்தபோது திறந்திருந்த கோப்புகள் மீளாது, பிழைதான் வரும். பாதி எழுதிய அறிக்கையோடு இருப்பவருக்கு இது என்ன ஆறுதல்?

எனவே என் ஓட்டு ஆர்குளோனுக்கு. ஆனால் தற்காலிகச் சேமிப்பை ‘ஃபுல்’ நிலையில் வைக்க வேண்டும். இயல்பில் அது அணைந்தே இருக்கும், பலர் இதைக் கவனிப்பதில்லை. ‘ஃபுல்’ நிலையில் எழுதுவதெல்லாம் முதலில் உள்ளூர் வட்டுக்குப் போகிறது. கோப்பை மூடி 5 செக்கன் கழித்துப் பதிவேற்றம் தொடங்கும். தோற்றால் மறுபடி முயலும். இடையில் மின்சாரம் போனாலும், அதே தெரிவுகளுடன் மீண்டும் தொடக்கினால் மிச்சத்தை ஏற்றிவிடும். இதற்கும் விலை உண்டு: அடைவுப் பட்டியலை 5 நிமிடம் நினைவில் வைத்திருப்பதால், கொழும்பில் ஒருவர் செய்த மாற்றம் இங்கே தாமதமாகவே தெரியலாம். ஒரே கோப்பில் இருவர் கைவைத்தால் கடைசியில் ஏறியதே நிற்கும். கணக்குப் புத்தகத்தைப் பலர் திருத்தும் அலுவலகத்துக்கு இது ஆகாது.

என்எஃப்எஸ் கேர்னலுக்குள்ளேயே இயங்குவது. ஒரே கட்டடத்துக்குள் அதற்கு நிகரில்லை. மலையிறங்கும் இணைப்பிலோ, இயல்பான ‘ஹார்ட்’ நிலையில் சேர்வர் திரும்பும்வரை நிரல் உறைந்து நிற்கும்.

சொந்தமாகக் கோப்பு முறைமை எழுதிப் பார்ப்பவர்கள், ஃபியூஸுக்கான நிரலகமான லிப்ஃபியூஸின் உயர்மட்ட இடைமுகத்தில் தொடங்கலாம். அதில் கோப்பு விவரங்களை (அளவு, தேதி போன்றவற்றை) கேர்னல் நினைவில் வைத்திருக்கும் காலம் இயல்பாக 1 செக்கன்தான். நம் பக்கத்து இணைப்புக்கு அதை 30 ஆக்கிப் பாருங்கள். சேர்வரில் வேறு எவரும் எழுதாதவரை பாதகமில்லை.