டூசாம்பிள்எம்ஆர், ஓப்பன்ஜிவாஸ்: கொழுப்பு–முதுகுவலி ஆய்வுக்கு இந்த ஜோடி எவ்வளவு தாங்கும்?

முதுகுவலிக்கும் சாப்பிடும் கொழுப்புக்கும் தொடர்பு உண்டா என்று உணவுக் கணக்கெடுப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் விடை கலங்கலாகவே வரும். எண்ணெய்ச்சத்துள்ள மீனை அதிகம் உண்பவர் புகைப்பிடிக்காதவராகவும் இருக்கலாம். வலி வந்து முடங்கியவரின் சாப்பாடு அதற்குப் பிறகு மாறியிருக்கலாம். இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகத்தான் மெண்டலியன் ரேண்டமைசேஷன், சுருக்கமாக எம்ஆர். ரத்தத்தில் ஒரு கொழுப்பு அமிலத்தின் அளவைக் கூட்டும் மரபணு மாறுபாடு கருவிலேயே முடிவாகிவிடுகிறது. பின்னால் வரும் வலி அதை மாற்றாது. அந்த மாறுபாடு உள்ளவர்களிடம் முதுகுவலி கூடுதலாகத் தெரிகிறதா என்று பார்ப்பதே கணக்கு.

இதற்குப் பெரும்பாலோர் எடுப்பது டூசாம்பிள்எம்ஆர் என்ற, புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியின் பேக்கேஜ். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவானது. எம்ஆர்-பேஸ் என்ற பெயரில் இதன் அறிமுகக் கட்டுரை 2018-இல் வந்தது. தரவைத் தருவது அதே குழுவின் ஓப்பன்ஜிவாஸ் சேவை; எந்த மரபணு மாறுபாடு எந்தப் பண்போடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற ஆய்வு முடிவுகளின் கிடங்கு அது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தரவை இழுப்பது, ஒழுங்குபடுத்துவது, கணக்கிடுவது எல்லாம் பத்துப் பன்னிரண்டு வரி நிரலில் முடிந்துவிடும். அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் எந்த இரண்டு தரவுத் தொகுப்பின் அடையாள எண்ணைக் கொடுத்தாலும் தயங்காமல் ஒரு விடையை நீட்டும் குணமும் இதற்கு உண்டு. கொழுப்பு அமிலம் விஷயத்தில் அந்தக் குணம் ஆபத்தானது.

நிறுவுவதில் பெரிய தொல்லை இல்லை. பழைய பாடக் குறிப்பைப் பார்த்து வேலை செய்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் டோக்கன் என்ற அனுமதிச் சாவி. 2024 மே மாதத்திலிருந்து ஓப்பன்ஜிவாஸுக்குக் கணக்குத் திறந்து டோக்கன் வாங்கி, அதை ஆர் சூழல் கோப்பில் வைத்து, ஆரை மூடித் திறக்க வேண்டும். டோக்கன் 14 நாளில் காலாவதியாகும். கோரிக்கைகளுக்கு உச்சவரம்பும் உண்டு; ஒரு லூப் போட்டு நூற்றுக்கணக்கான பண்புகளை ஒரே மூச்சில் ஓட்டினால் பாதியில் நிற்கும்.

அடுத்தது கருவி மாறுபாடுகளை, அதாவது கொழுப்பு அமில அளவுக்குப் பதிலாக நிற்கும் மரபணு மாறுபாடுகளை எடுப்பது. இயல்பு அமைப்பில் பி மதிப்பு 5×10⁻⁸-க்குக் கீழ் உள்ளவற்றை எடுத்து, 10,000 கிலோபேஸ் வட்டத்துக்குள் ஆர் ஸ்கொயர் (இரண்டு மாறுபாடுகள் சேர்ந்தே வரும் அளவு) 0.001-ஐத் தாண்டி ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவற்றைக் கழித்துவிடுகிறது. இது நல்ல அமைப்பு, மாற்றத் தேவையில்லை. மாற்றுபவர்கள் பெரும்பாலும் கருவி போதவில்லை என்று பி வரம்பை 5×10⁻⁶-க்குத் தளர்த்துவார்கள். பிறகு 'எஃப் மதிப்பு 10-ஐத் தாண்டியது, கருவி வலுவானது' என்று எழுதுவார்கள். எஃப் என்பது விளைவு அளவைத் திட்டப்பிழையால் வகுத்து இருமடி எடுத்தது. பி 5×10⁻⁸ என்றாலே எஃப் சுமார் 30. தளர்த்திய வரம்பிலும் சுமார் 21. ஆகவே 10 என்ற தேர்வில் எவரும் தோற்க முடியாது. அதைப் பெருமையாகக் குறிப்பிடுவதில் பொருளில்லை.

இனி முக்கியமான சங்கதி. ஒமேகா-3, ஒமேகா-6, லினோலிக் அமிலம், டிஹெச்ஏ (ஒரு வகை ஒமேகா-3), நிறைவுற்ற கொழுப்பு என்று தனித்தனிப் பண்புகள் பட்டியலில் இருக்கும். பிரிட்டனின் யுகே பயோபேங்க் சுகாதாரத் தொகுப்பின் ரத்த மாதிரிகளை நைட்டிங்கேல் என்எம்ஆர் முறையில் அளந்த தரவு, சுமார் 1,15,000 பேருடையது, இதில் பெரியது. இவற்றில் பலவற்றில் முன்வரிசையில் வந்து நிற்பது 11-ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்ஏடிஎஸ்1, எஃப்ஏடிஎஸ்2 மரபணுப் பகுதி. இவை உருவாக்கும் நொதிகள் லினோலிக் அமிலத்தை அராகிடோனிக் அமிலமாக மாற்றும் பாதையில் வேலை செய்கின்றன. தாவர ஒமேகா-3-ஐ இபிஏ என்ற இன்னொரு ஒமேகா-3 ஆக்கும் பாதையிலும் அதே நொதிகள்தான். அங்குள்ள ஆர்எஸ்174547 என்ற மாறுபாட்டின் ஒரு வடிவம் நொதியின் வேகத்தைக் குறைத்தால் லினோலிக் அமிலம் தேங்கும், அராகிடோனிக் அமிலம் குறையும்.

விளைவு என்ன? கொழுப்பு அமிலத்தின் பெயரை மாற்றி மாற்றி ஓட்டினாலும் பின்னணியில் பேசுவது ஒரே மரபணுப் பகுதி. கருவி ஒன்றே ஒன்று என்றால் வால்ட் விகிதத்தின் (முதுகுவலி மீதான விளைவை அமிலத்தின் மீதான விளைவால் வகுத்தது) பி மதிப்பு, அந்த மாறுபாட்டுக்கும் முதுகுவலிக்கும் உள்ள தொடர்பின் பி மதிப்பேதான். பத்து அமிலங்களை ஓட்டிப் பத்துக் கண்டுபிடிப்பு என்று எழுதினால், ஒரே சோதனையைப் பத்து முறை அச்சிட்டதாக ஆகும். லினோலிக் அமிலம் காப்பாற்றுகிறது, அராகிடோனிக் அமிலம் கெடுக்கிறது என்று இரண்டு முடிவு வந்தாலும் அது ஒரு காசின் இரண்டு பக்கம்.

தவிர, இந்த மாறுபாடுகள் அளப்பது தட்டில் விழுந்த கொழுப்பை அல்ல, உடல் அதை என்ன செய்தது என்பதை. லினோலிக் அமிலத்தை உடல் தானாக உண்டாக்காது என்பதால் அதன் ரத்த அளவு உணவோடு ஓரளவு ஒட்டியிருக்கும். நிறைவுற்ற கொழுப்பு அப்படியல்ல. மாவுச்சத்திலிருந்தும் கல்லீரல் பால்மிடிக் அமிலத்தைத் தயாரிக்கும். மொத்தச் செறிவைக் கருவியாக எடுத்தால் ஏபிஓஇ, ஜிசிகேஆர், எல்ஐபிசி போன்ற பொதுக் கொழுப்பு மரபணுக்கள் வரிசையாக உள்ளே வரும். அவை கொலஸ்டிராலையும் டிரைகிளிசரைடையும் சேர்த்தே அசைப்பவை. மொத்தக் கொழுப்பு அமிலத்தில் எத்தனை சதவீதம் என்ற அளவை எடுத்தால் இந்தத் தொல்லை குறையும், ஒழியாது. வகுக்கும் எண்ணும் அதே மரபணுக்களால் அசைகிறது.

முதுகுவலித் தரவைத் தேர்ந்தெடுப்பதில் பேக்கேஜ் எந்த உதவியும் செய்யாது, எச்சரிக்கையும் தராது. யுகே பயோபேங்கில் முதுகுவலி என்றால், கடந்த ஒரு மாதத்தில் அன்றாட வேலையைப் பாதித்த வலி உண்டா என்ற வினாவுக்கு 'ஆம்' என்றவர்கள். ஃபின்லாந்தின் ஃபின்ஜென் தரவில் அது மருத்துவப் பதிவேட்டில் நோய்க்குறியீடு ஏறியவர்கள். இரண்டும் ஒரே நோயல்ல. கொழுப்பு அமிலத் தரவு யுகே பயோபேங்கிலிருந்து வந்திருந்தால் வலித் தரவும் அங்கிருந்தே வரக்கூடாது. ஒரே ஆட்கள் இரு பக்கமும் இருந்தால், கருவி பலவீனமாக இருக்கும்போது விடை சாதாரண அவதானிப்பு ஆய்வின் பக்கமே சாயும். ஃபின்ஜென் அதற்கு நல்ல மாற்று. ஆனால் ஓப்பன்ஜிவாஸில் உள்ள ஃபின்ஜென் தொகுப்பு பழைய வெளியீடு. புதியதை ஃபின்ஜென் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். அந்தக் கோப்பில் விளைவு அல்லீல் (விளைவு எண் மாறுபாட்டின் எந்த வடிவத்துக்கானது என்பது) 'ஆல்ட்' நெடுவரிசை. 'ரெஃப்' என்று மாற்றிக் கொடுத்தால் முடிவின் திசையே தலைகீழாகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. மரபணு இடக்குறி மனித மரபணு வரைபடத்தின் 38-ஆம் பதிப்பில் இருக்கும், ஓப்பன்ஜிவாஸ் 37-இல். ஆகவே இடத்தை வைத்துப் பொருத்தாமல் ஆர்எஸ் எண்ணை வைத்துப் பொருத்துவதே பாதுகாப்பு. சில வரிகளில் காற்புள்ளியிட்டு இரண்டு ஆர்எஸ் எண்கள் இருக்கும், அவற்றை முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மறைகுழி அளவுகோல். யுகே பயோபேங்கின் பல ஆம்–இல்லை பண்புகள் நேர்கோட்டு மாதிரியில் ஓட்டப்பட்டவை. அந்த எண்ணை அப்படியே அடுக்கேற்றி ஆட்ஸ் விகிதம் (வலி வரும் சாத்தியம் எத்தனை மடங்கு மாறுகிறது என்பது) என்று எழுதக்கூடாது. நோயாளி விகிதம் 0.25 என்றால் 0.25×0.75 = 0.1875, விளைவு அளவையும் திட்டப்பிழையையும் இதனால் வகுக்க வேண்டும். 0.005 என்ற விளைவு அப்போது 0.0267 ஆகும், ஆட்ஸ் விகிதம் 1.027. வகுக்காமல் விட்டால் 1.005 என்று வந்து, 'விளைவு அற்பம்' என்ற தவறான முடிவில் நிறுத்தும்.

இரு தரவையும் ஒத்திசைக்கும் பகுதி பேக்கேஜின் மிகச் சிறந்த அங்கம். ஏ/டி, சி/ஜி வகை மாறுபாடுகளில் டிஎன்ஏவின் எந்த இழை என்று தெரியாத சிக்கலை அல்லீல் அதிர்வெண்ணைக் கொண்டு தீர்க்கிறது. அதிர்வெண் பாதியை ஒட்டியிருப்பதால் தீர்க்க முடியாதவற்றை விலக்குகிறது. அதிர்வெண் நெடுவரிசை இல்லாத கோப்பைக் கொடுத்தால் அந்த வகை மாறுபாடுகள் எல்லாமே விலகும். எத்தனை மிஞ்சின என்று பட்டியலைத் திறந்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கணக்கீட்டில், பல கருவிகளின் விடைகளை ஒன்றாக்கும் ஐவிடபிள்யூ, எம்ஆர்-எக்கர், எடையிட்ட இடைநிலை, எடையிட்ட முகடு ஆகிய நான்கு முறைகளும் ஒரே கட்டளையில் வரும். எக்கர் கோட்டின் வெட்டு பூஜ்யத்துக்கு அருகில் இருப்பதைப் பார்த்ததும், மரபணு வேறு வழியாக முதுகுவலியைத் தொடும் பக்கப் பாதை இல்லை என்று முடிவுகட்டும் வழக்கம் உள்ளது. ஐந்தாறு கருவிகளோடு அந்தச் சோதனைக்குக் கண்டுபிடிக்கும் வலுவே கிடையாது. கொழுப்பு அமிலத்துக்கு அதைவிட உதவுவது ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் வரைபடம். எஃப்ஏடிஎஸ் மாறுபாட்டை எடுத்ததும் கோடு பூஜ்யத்தைத் தொட்டால் கதை அந்த மரபணுவைப் பற்றியது, அப்படியே எழுதுங்கள்.

பேக்கேஜுக்குள் இல்லாதவையும் உண்டு. உடல் பருமனையும் டிரைகிளிசரைடையும் சேர்த்துப் பார்க்கும் பன்மாறி வடிவம் இருக்கிறது; ஆனால் அதற்குத் தேவையான நிபந்தனை எஃப் மதிப்புக்கு (மற்றப் பண்புகளைக் கணக்கில் எடுத்த பின் கருவிக்கு மிஞ்சும் வலு) எம்விஎம்ஆர் என்ற தனிப் பேக்கேஜ் வேண்டும். முதுகுவலி பக்கம் எஃப்ஏடிஎஸ் பகுதியில் தெரியும் குறி, கொழுப்பு அமிலத்தின் அதே மாறுபாட்டிலிருந்து வருகிறதா, பக்கத்து மாறுபாட்டிலிருந்தா என்று பார்க்க கோலாக் என்ற இன்னொரு பேக்கேஜ் வேண்டும். ஒற்றை மரபணுப் பகுதி ஆளும் இந்தத் தலைப்பில் கோலாக் இல்லாத கட்டுரையை ஏற்றுக்கொள்ளத் தயக்கமாகவே இருக்கும்.

எண்ணெயை மாற்றினால் இடுப்புவலி போகுமா என்ற கேள்வியோடு வருபவர்களுக்கு இது ஏற்ற கருவி அல்ல; அதற்கு உணவை மாற்றிப் பார்க்கும் சோதனை வேண்டும். எஃப்ஏடிஎஸ்1 உருவாக்கும் டெல்டா-5 நொதியின் வேகம் நீண்டகால முதுகுவலியைப் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட வசதியான தொடக்கம் கிடைப்பது அரிது. ஐரோப்பிய வம்சாவளி அல்லாத தரவோடு வேலை என்றால், ஒட்டியவற்றைக் கழிக்கும் படியில் இயல்பாக எடுத்துக்கொள்ளும் ஐரோப்பிய ஒப்பீட்டுத் தொகுப்பை மாற்ற மறக்காதீர்கள். அந்தக் கழித்தலைச் செய்யும் பிளிங்க் நிரலையும் ஒப்பீட்டுக் கோப்புகளையும் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தப் படிக்கு சர்வரை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.