குளுவாங்கில் ஒரு மைக்ரோஅரே ஸ்கேனருடன் ஆறரை வருஷம்

மைக்ரோஅரே என்பது ஜீன்களுக்கு உரிய டிஎன்ஏ புள்ளிகள் அச்சடித்த கண்ணாடிச் சிலைடு. அதைப் படிக்கும் எங்கள் இயந்திரத்தில் பெரிய குறை இல்லை. அதோடு வந்த மென்பொருளின் ‘ஆட்டோ’ பொத்தான்கள்தான் எங்கள் முதல் வருஷத்தைத் தின்றன. கம்பெனிப் பெயர் வேண்டாம். இரண்டு லேசர் உள்ள எந்தப் பழைய ஸ்கேனர் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

ஜொகூரில் குளுவாங் பக்கம், சுற்றிலும் செம்பனை. பழைய கிராணி (தோட்டக் கணக்கர்) வீடு ஒன்றைத்தான் ஆய்வுக்கூடமாக்கியிருக்கிறோம். செம்பனையின் அடித்தண்டை அழுக வைக்கும் கனோடெர்மா காளான் தொற்றிய கன்றில் எந்த ஜீனின் செயல்பாடு ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. நோய்க் கன்றின் மாதிரிக்குச் சிவப்புச் சாயம் சை5, நல்ல கன்றுக்குப் பச்சைச் சாயம் சை3. இரண்டையும் கலந்து, டிஎன்ஏ புள்ளிகள் அச்சடித்த சிலைடின் மேல் ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் கழுவுவோம். ஸ்கேனர் 635, 532 நானோமீட்டர் லேசர்களை அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தை பிஎம்டி எனும் ஒளிபெருக்கிக் குழாயில் பெருக்கி, பிக்சலுக்கு 0 முதல் 65,535 வரை ஓர் எண் கொடுக்கும்.

அந்த 65,535-இல்தான் முதல் அடி வாங்கினோம். பெருக்கும் அளவைத் தானே வைக்கும் ஆட்டோ கெயின் படத்தைப் பளிச்சென்று காட்டும், பார்க்க அழகு. ஆனால் பிரகாசமான புள்ளிகள் உச்சவரம்பில் முட்டி நின்றுவிடும். உண்மையில் சிவப்பு 1,20,000, பச்சை 30,000 என்றால் விகிதம் நான்கு, அதாவது நோய்க் கன்றில் அந்த ஜீன் நான்கு மடங்கு. சிவப்பு 65,535-இல் முட்டிக்கொண்டால் விகிதம் 2.2 ஆகச் சுருங்கிவிடும். கூரையில் முட்டிய எண்ணை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. இப்போது எல்லாச் சிலைடையும் கெயினைக் குறைத்து ஒரு முறை, கூட்டி ஒரு முறை ஸ்கேன் செய்கிறோம். பிரகாசமான புள்ளிகளுக்கு முதல் ஸ்கேன், மங்கலானவற்றுக்கு இரண்டாவது. லேசரைப் போட்டுக் கால் மணி நேரம் சூடாக விட்ட பிறகுதான் முதல் சிலைடு உள்ளே போகும்.

அடுத்தது தூசி. ஆலைப் புகைபோக்கி பக்கத்தில் இருந்தால் எவ்வளவு அடைத்தாலும் கரித்துகள் வரும். 100 மைக்ரான் அகலப் புள்ளியை, பிக்சலுக்கு 10 மைக்ரான் என்று ஸ்கேன் செய்தால் அதற்குள் 78 பிக்சல்தான் அடங்கும். எல்லாம் 500 காட்டும்போது ஒரே ஒரு துகள் 65,000 காட்டினால் சராசரி 1,300-ஐத் தாண்டிவிடும். வரிசையில் நடுவே நிற்கும் இடைநிலை எண்ணோ 500-லேயே நிற்கும். எங்கள் மென்பொருள் முதலில் எடுத்துக் கொடுத்ததோ சராசரி! ஒரு பெட்டியில் டிக்கை மாற்றினால் போதும். அது தெரிய எங்களுக்கு ஏழு மாதம் ஆனது.

பின்னணிக் கழிப்புதான் என்னை அதிகம் சோதித்தது. புள்ளியைச் சுற்றியுள்ள கண்ணாடியின் வெளிச்சத்தை அளந்து புள்ளியிலிருந்து கழிப்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் வெறுங்கண்ணாடியில் சாயம் ஒட்டிக்கொண்டு, அதன் நடுவே புள்ளி கருப்பு ஓட்டையாகத் தெரிந்த சிலைடுகள் நிறைய உண்டு. கழித்தால் எதிர்மறை எண், அதற்கு லாக் (மடக்கை) எடுக்க முடியாது, ஜீனே பட்டியலிலிருந்து காணாமல் போகும். மங்கலாக இருப்பவைதான் எங்களுக்கு வேண்டியவை, போனதும் அவைதான். பிறகு புள்ளியியலுக்கான இலவசக் கணினி மொழியான ஆருக்கும் அதன் லிம்மா தொகுப்புக்கும் மாறினோம். அதில் உள்ள நார்மெக்ஸ்ப் முறை, அளந்த வெளிச்சத்தை உண்மைச் சிக்னலும் பின்னணி இரைச்சலும் சேர்ந்த கலவையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. விடை எப்போதும் பூஜ்யத்துக்கு மேலேதான் வரும். அதோடு 50 கூட்டிக்கொண்டால் மங்கலான புள்ளிகள் துள்ளுவதும் அடங்குகிறது.

சாயக் கோளாறைக் கண்டுபிடித்தவர் எங்கள் உதவியாளர் அக்கா. ஒரு நாள் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே, “தம்பி, மத்தியானம் கழுவுன சிலைடுல செவப்பே நிக்க மாட்டேங்குதுலா, காலையில கழுவுனா நல்லாத்தான இருக்கு” என்றார். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் தேடிப் படித்தால், காற்றிலுள்ள ஓசோன் சை5-ஐ அரிக்கும் என்று 2003-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. நூறு கோடியில் ஐந்து, பத்து பங்கு ஓசோன் போதுமாம், பத்து முதல் முப்பது வினாடிகளில் வேலையைக் காட்டிவிடும். வெயில் ஏற ஏற ஓசோனும் ஏறும். இப்போது கழுவுவது எல்லாம் காலை ஒன்பதுக்குள். அதோடு, சாயத்தின் கோளாறு விகிதத்தில் கலக்காமலிருக்க, சாயங்களை மாற்றிப் போட்டு இன்னொரு சிலைடும் ஓட்டுகிறோம். செலவு இரட்டிப்புதான், வேறு வழியில்லை.

இரண்டு சாயங்களின் அளவையும் சமன் செய்வது பற்றி ஓர் எச்சரிக்கை. விகிதத்தையும் பிரகாசத்தையும் வரைந்தால் புள்ளிக்கூட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். லோயெஸ் எனும் வளைகோட்டுப் பொருத்தல் முறை அதை நேராக்கும். சிலைடில் புள்ளி வைக்கும் அச்சு ஊசி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்தால் இன்னும் நல்லது. ஆனால் பெரும்பாலான ஜீன்கள் மாறுவதில்லை என்ற நம்பிக்கையில்தான் அந்த முறையே நிற்கிறது. நோய் எதிர்ப்பு ஜீன்களை மட்டும் பொறுக்கி ஒரு சின்னச் சிலைடு அச்சடித்தோம். அதில் அநேகமாக எல்லாமே ஏறியிருக்க வேண்டும். லோயெஸ் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு (லாக் கணக்கில் பூஜ்யம் என்றால் மாற்றமில்லை) இழுத்து, கன்றுக்கு நோயே இல்லை என்று காட்டியது. கன்றோ வேரோடு அழுகிக் கிடந்தது. அதிலிருந்து, மாறாத கட்டுப்பாட்டுப் புள்ளிகளை அச்சடிக்காத சிலைடைத் தொடுவதில்லை.

இன்று பலர் ஆர்என்ஏ துண்டுகளைப் படித்து எண்ணும் ஆர்என்ஏ வரிசைப்படுத்தலுக்குப் போய்விட்டார்கள், புதிதாகத் தொடங்குபவர் அங்கே போவதே சரி. எங்களிடம் அச்சடித்த சிலைடுகள் மிச்சம் இருக்கின்றன, மாதிரியை வெளியே அனுப்பிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அதனால் விடவில்லை. பழைய ஸ்கேனரை யாராவது விற்றால், பணம் கொடுக்கும் முன் அளவுத்திருத்தச் சிலைடை உங்கள் கண்முன்னே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிவப்பு லேசர் தேய்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். மூல 16-பிட் டிஃப் படம் சேமிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் முதல் வருஷப் படங்களை இடம் போதவில்லை என்று எண்களைச் சுருக்கிவிடும் ஜேபெக் ஆக்கிவிட்டு மூலத்தை அழித்தோம். அதில் 42 சிலைடு.