படிகத்தைத் துளைப்பதா, கலப்பதா? மீகடத்திக்கு ஏற்ற குறை எது

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பலருக்கு மீகடத்தி என்றால் 'மின்தடை பூச்சியம்' என்ற ஒரு வரிதான். எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு காந்தப்புலம் வரை அந்தப் பூச்சியம் தாங்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இயிட்ரியம் பேரியம் செப்பு ஒட்சைட்டு என்ற படிகம் சுமார் 92 கெல்வினுக்குக் கீழே மீகடத்தியாகும். அதைக் குளிர்விக்க 77 கெல்வின் திரவ நைதரசனே போதும். (மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவரின் குடுவையில் ஆவி பறக்குமே, அதேதான்.) காந்தப்புலத்தில் வைத்தால் காந்தப் பாயம் (அதாவது புலக்கோடுகள்) மெல்லிய சுழிக்கோடுகளாகப் படிகத்துக்குள் நுழையும். மின்னோட்டம் அவற்றைத் தள்ளும். நகர்ந்தால் தடை தலைகாட்டும். சரிவில் மண் இறங்காமல் முளை அடிப்பதுபோல, சுழிகளைப் பிடித்துவைக்க வேண்டுமென்றே படிகத்தில் குறைகளை, அதாவது அணு ஒழுங்கு குலைந்த இடங்களை, உண்டாக்குகிறார்கள். வழி இரண்டு: துகள்களைப் பாய்ச்சித் துளைப்பது, வேறு பொருளைக் கலப்பது.

துளைப்பதில் பாரமான அயன்தான் கெட்டிக்காரன். 1991இல் 580 மெகா இலத்திரன்வோற்று சக்தியுள்ள வெள்ளீய அயன்களை இந்தப் படிகத்தில் பாய்ச்சிய சோதனை பேர்போனது. அயன் போன வழியில் சில நனோமீற்றர் அகலத்துக்கு ஒழுங்கு குலைந்து, நேரான தூண்போல ஒரு தடம் விழும். சுழியும் கோடு, தடமும் கோடு. நீளம் முழுக்கப் பிடி கிடைக்கும். எண்ணிக்கையும் நம் கையில்: ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 5000 கோடி அயன்கள் என்றால், 1 தெஸ்லா புலத்தில் சுழிக்கொரு தடம். ஆனால் புலம் தடத்தின் திசையில் இருந்தால்தான் முழுப் பலன். அளவு மிஞ்சினால் மீகடத்தும் வெப்பநிலையே இறங்கும். அயன் சில பத்து மைக்கிரோமீற்றர்தான் ஊடுருவும். அதற்கும் ஜெர்மனியின் டாம்ஸ்டாட்டிலோ பிரான்சின் கானிலோ இருப்பதுபோன்ற பெரிய முடுக்கி வேண்டும்.

புரோத்தன் புள்ளி புள்ளியாகக் குறைகளைத் தூவும். திசைத் தொல்லை குறைவு, சிறிய முடுக்கியும் போதும். ஆனால் வெப்பநிலை ஏறினால் சுழிகள் புள்ளிகளிலிருந்து எளிதாகக் கழன்றுவிடும். நியூத்திரன் தடித்த துண்டையும் ஊடுருவும். அப்புறம் அந்தத் துண்டே கதிர்வீசும். கையில் எடுக்க யாருக்குப் பிரியம்?

கலப்பு முறை வேறு ரகம். மீகடத்தியை மெல்லிய படலமாக வளர்க்கும்போதே பேரியம் சேர்க்கோனேற்று என்ற சேர்வையைக் கலந்தால் அது நனோ அளவுக் கம்பிகளாகத் தானே அடுக்கிக்கொள்ளும். 2004இலிருந்து இது பிரபலம். கிலோமீற்றர் கணக்கில் மீகடத்தி நாடா செய்பவருக்கு என் சிபாரிசு இதுதான், முடுக்கியே வேண்டாம். ஆய்வுக்கென்றால் பாரமான அயன்தான்: எத்தனை தடம், எந்தத் திசை என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம். கலப்புக் கம்பிகளோ படலத்தை வேகமாக வளர்த்தால் துண்டு துண்டாக நின்றுவிடும்.