பெண்கள் எடுத்த பரிசோதனைப் படங்களோடு சில வருடங்கள்

வழக்கமான கதை சொல்லும் முறையை விட்டு விலகிப் பெண்கள் எடுத்த பரிசோதனைப் படங்கள் இவை. ஒருமுறை பார்த்துவிட்டு எழுதும் விமர்சனம் இந்தப் படங்களுக்குப் போதாது. சில வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு எனக்குள் என்ன தங்கியிருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அதிகம் பார்த்தது பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அக்கர்மானின் 'ழான் டீல்மான்'. 1975இல் வெளிவந்தபோது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை. 201 நிமிடம் ஓடும். பிரஸ்ஸல்ஸில் மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள்தான் படம். சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மகனின் படுக்கையை மடித்து வைக்கிறாள். மதியம் வீட்டுக்கு வரும் ஆண்களிடம் பணம் வாங்கிக்கொண்டு படுக்கிறாள். பாபெட் மங்கோல்ட்டின் கேமரா நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை.

முதல் தடவை, கதை எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். அடுத்த தடவை, இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மேல் வெந்துபோன இடத்தில் நெஞ்சு படபடத்தது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் முதல் நாளின் ஒழுங்கை முழுசாக உட்கார்ந்து பார்த்தவருக்கு அது பேரிடி. அந்த நீளம் இதற்காகத்தான்.

இன்னொன்று பிறகுதான் பிடிபட்டது. ஆரம்பத்தில் படுக்கையறைக் கதவு மூடிக்கொள்ளும், நாம் வெளியே நிற்போம். சமையலறையிலோ ஒரு நிமிடம்கூட வெட்டுப்படாது. வழக்கமான சினிமா எதை வெட்டும், எதைக் காட்டும் என்பதை அக்கர்மான் அப்படியே தலைகீழாக்கிவிட்டார். பெண் பார்வை என்பது கதாநாயகி யார் என்பதில் மட்டும் இல்லை, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் தருகிறோம் என்பதிலும் இருக்கிறது என்று எனக்குக் காட்டியது இந்தப் படம். இப்போது எந்தப் படத்திலும் ஒரு பெண் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனால், என் மனசு கூடத்தில் நிற்காமல் அவள் பின்னாலேயே போகிறது. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் இது முதலிடம் பிடித்தது. 1952இலிருந்து நடக்கும் அந்த வாக்கெடுப்பில் ஒரு பெண் இயக்கிய படம் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை. எவ்வளவு தாமதம்!

ஆனால் அக்கர்மானோடு நின்றால் பெண் பார்வை என்றாலே ஐரோப்பிய வீடு என்றாகிவிடும். வியட்நாமில் பிறந்த ட்ரின் டி. மின்-ஹா 1982இல் செனகலில் எடுத்த 'ரீஅசெம்பிளாஜ்' அந்த நினைப்பை உடைக்கிறது. கிராமத்துப் பெண்களைக் காட்டுகிறார், ஆனால் விளக்க மறுக்கிறார். ஒலி திடீரென்று அறுந்துபோகும். அவர்களைப் பற்றிப் பேசவில்லை, அவர்கள் அருகில் இருந்து பேசுகிறேன் என்பதுதான் அவர் நிலை. பெண்ணாக இருந்தாலும், கேமராவோடு வந்தவர் வெளியாள்தான் என்பதை அவர் மறைக்கவே இல்லை. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்க இயக்குநர் சூ ஃப்ரீட்ரிச்சின் 'சிங்க் ஆர் ஸ்விம்' (1990) வேறு வகை. ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து அடுக்கி, 26 பகுதிகளில், ஒரு சிறுமியின் குரலில் அப்பாவோடு கணக்குத் தீர்க்கிறார்.

பார்க்கும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். 'ழான் டீல்மான்' செல்போனுக்கு ஆகாது. அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைப்பது, பணம் போட்டு வைக்கும் சூப் பாத்திரத்தின் மூடி எல்லாம் சின்னத் திரையில் தொலைந்துவிடும், படமே அவற்றில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பரிசோதனை சினிமாவின் முன்னோடிகளில் ஒருவரான மாயா டெரனின் 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' குறும்படம் 1943இல் மௌனப் படமாக வந்தது. டெய்ஜி இட்டோவின் இசை 1959இல் சேர்ந்தது. இரண்டு விதப் பிரதிகளும் கிடைக்கின்றன, முதலில் இசை இல்லாமல் பாருங்கள்.

பெரிய குறை, கிடைப்பதுதான். நான் சந்தா கட்டிய ஒரு தளத்தில் இந்த மாதிரிப் படங்கள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். தமிழ் சப்டைட்டிலோடு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் டெரனிலிருந்து தொடங்கலாம், 14 நிமிடம்தான். அப்புறம் ஃப்ரீட்ரிச், ட்ரின். அக்கர்மானுக்கு ஒரு விடுமுறை நாளின் காலை நேரத்தை ஒதுக்குங்கள், நடுவில் நிறுத்தாமல் பாருங்கள்.